குத்துமதிப்பு முதலில்

முதலாண்டு மாணவர்களிடம் "ஏன் ஃபார்மசி எடுத்தீங்க?" என்று கேட்டால் பல பதில்கள் வரும். நீட்டில் மதிப்பெண் போதவில்லை, மாமா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், படித்து முடித்தால் சொந்தமாகக் கடை போடலாம். இவையெல்லாம் சத்தமாகச் சொல்லும் பதில்கள். கொஞ்சம் பழகிய பிறகு இன்னொரு காரணமும் வெளியே வரும். "கணக்கு இருக்காதுன்னாங்க மேம்."

ஈரோடு, நாமக்கல் பக்கம் இருக்கும் ஃபார்மசி கல்லூரிகளில் ஒன்றில் டிஸ்பென்சிங் லேப் எடுக்கிறேன். அதற்கு முன்பு பல வருடம் மருத்துவமனை ஃபார்மசியில் இருந்தவள். அதனாலேயே இந்தப் பதிலைக் கேட்கும்போது எனக்குப் பதறும். கவுன்ட்டரில் நிற்கிறவர் நாள் முழுக்கச் செய்வது கணக்குதான். பெருக்கல், வகுத்தல், விகிதம், சதவீதம் என எட்டாம் வகுப்புக்குள் முடிந்துவிடுகிற கணக்கு. அதில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து ஒரு உடம்புக்குள் போய்விடும்.

பயம் எங்கே தொடங்குகிறது என்று விசாரித்தால் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் போய் நிற்கும். "உனக்குக் கணக்கு வராது, பேசாம ப்யூர் சயின்ஸ் எடு" என்று ஓர் ஆசிரியரோ அத்தையோ சொல்லியிருப்பார்கள். அதற்குப் பின் இரண்டு வருடம் கணக்குப் புத்தகத்தையே தொடாமல் தாவரவியல், விலங்கியல் படித்துவிட்டு வருகிறார்கள். நீட்டுக்குத் தயாராகும்போதும் கணக்கு என்று தனிப் பாடம் கிடையாது. வராது என்று யாரோ சொன்னது, பயன்படுத்தாமலே உண்மையாகிவிடுகிறது.

பாடத்திட்டம் வகுத்தவர்களும் இதை யோசிக்காமல் இல்லை. 2014ஆம் ஆண்டு பி.ஃபார்ம் விதிமுறைகளின்படி, பிளஸ் டூவில் கணக்கு படிக்காமல் வந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமடியல் மேத்தமேட்டிக்ஸ் உண்டு. உயிரியல் படிக்காமல் வந்தவர்களுக்கு ரெமடியல் பயாலஜி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். உள்ளே பார்ஷியல் ஃபிராக்ஷன், லாக், லிமிட், மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன், கடைசி அலகில் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம். பார்மகோகைனடிக்ஸ் சமன்பாடுகளுக்கு இவை தேவை என்பது உண்மை. ஆனால் பார்மகோகைனடிக்ஸ் வருவது ஆறாவது செமஸ்டரில். அதற்குள் லாப்லாஸ் மறந்துவிடும். அதே முதல் செமஸ்டரில், பார்மசூட்டிக்ஸ் பாடத்தில், சதவீதக் கரைசல், அலிகேஷன், ஐசோடானிக் கரைசல், குழந்தைகளுக்கான டோஸ் எல்லாம் வந்து நிற்கின்றன. மாடியில் மேட்ரிக்ஸ் நடத்தி முடிக்கிறார்கள். கீழே லேபில் அதே மாணவி 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல் நிற்கிறாள்.

இந்த 2 சதவீதக் கேள்வியை நான் ஒவ்வொரு புது பேட்சிலும் கேட்பேன். லிக்னோகைன் ஊசி, 2 சதவீதம். ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து? முதலில் அமைதி. பிறகு யாராவது "2 மில்லிகிராம்" என்பார்கள். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "பர்சன்டேஜ்னா மார்க்குக்குத்தானுங்க மேம் போடுவோம்?" என்றான். அவன் மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் சதவீதம் என்ற சொல்லை ரேங்க் கார்டில் மட்டுமே பார்த்தவன் அவன். 100 மில்லியில் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம், ஆகவே ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் என்று போர்டில் எழுதியபோது, அவன்தான் முதலில் "அப்ப 5 மில்லி போட்டா 100 ஆச்சே" என்றான். கணக்கு வராது என்ற பையன்.

அட்ரினலினும் அப்படித்தான். ஆம்பூலில் 1:1000 என்று இருந்தால் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். 1:10,000 என்றால் ஒரு மில்லியில் 0.1 மில்லிகிராம். படிக்காத கண்ணுக்குப் பத்தாயிரம் பெரிய எண், ஆகவே வீரியம் அதிகம் என்று தோன்றும். உள்ளே இருப்பது பத்தில் ஒரு பங்கு மருந்து. இந்த ஒன்றை மட்டும் நான் எந்த வைவாவிலும் விடுவதில்லை.

லேபில் முதல் பயிற்சிகளில் ஒன்று சிம்பிள் சிரப். இந்திய பார்மகோபியாவின்படி 667 கிராம் சர்க்கரை, சுத்திகரித்த நீர் சேர்த்து மொத்தம் 1,000 கிராம். மாணவர்கள் செய்ய வேண்டியது 50 கிராம். 667ஐ 20ஆல் வகுத்து 33.35 கிராம் என்று எல்லோருமே சரியாகப் போட்டுவிடுவார்கள். ஃபர்ஸ்ட் க்ரூப் பிள்ளைகள் மனதிலேயே போட்டுவிடுவார்கள். சர்க்கரையை எடை போட்டு, சூடான நீரில் கரைத்து, ஆறவைத்து, மெஷரிங் சிலிண்டரில் ஊற்றி, 50 மில்லி கோடு வரைக்கும் தண்ணீர் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்டது 50 கிராம். கொண்டுவந்தது 50 மில்லி.

சிரப் தண்ணீரைவிடக் கனம். ஒரு மில்லி சுமார் 1.32 கிராம் இருக்கும். ஆகவே 50 கிராம் சிரப் என்பது 38 மில்லிக்கு அருகில்தான் வரும். 50 மில்லி வரை தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்த சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரை அடர்த்தியாக இருக்கும்வரைதான் சிரப்பில் கிருமி வளராது. நீர்த்துப்போனால் அதே சர்க்கரை பூஞ்சைக்குச் சாப்பாடு. அந்தப் பாட்டில்களை நான் கொட்டச் சொல்வதில்லை. அலமாரியில் சரியாகச் செய்தவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். சில நாளில் ஒன்றின் மேல் வெள்ளையாகப் படரும், மற்றது தெளிவாகவே இருக்கும். யாரும் அந்த மாணவனிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பயிற்சியில் அவனே வந்து, "மேம், இது டபிள்யூ பை டபிள்யூவா, டபிள்யூ பை வியா?" என்று கேட்பான். அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

இந்தப் பயிற்சியிலிருந்துதான் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. சக ஆசிரியர்கள் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்கைக் கண்டு பயப்படும் மாணவியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவள் மூன்று தடவை போட்டுப் பார்ப்பாள், பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பாள், கடைசியில் என்னிடம் நோட்டைக் கொண்டுவருவாள். எனக்குக் கவலை தருகிறவன் வேகமாகப் போடுகிறவன். அவனுக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது, எண்ணைக் கண்டதும் எண்ணோடு சண்டை போடத் தொடங்கு என்பது. அலகு அவன் கண்ணில் படாது. சரியான வகுத்தல், சரியான தசமம், தவறான மருந்து. விடை தவறு என்று சொன்னால் கால்குலேட்டரைக் காட்டுவான். நூற்றுக்குத் தொண்ணூறு கணக்கில் வாங்கியவனை நம்ப வைப்பது, பயந்தவளைத் தேற்றுவதைவிடக் கஷ்டம்.

பயந்தவளும் வேகமானவனும் ஒரே இடத்தில் நிற்பதற்கு லேபில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன், போனை எடுப்பதற்கு முன், வாய்விட்டு ஒரு குத்துமதிப்பு சொல்ல வேண்டும். ஒரு மாத்திரையா, பத்து மாத்திரையா? கால் ஸ்பூனா, ஒரு ஸ்பூனா, பாதிப் பாட்டிலா? அதை ரெக்கார்டு நோட்டில் இடது பக்க மார்ஜினில் எழுதிவிட்டுத்தான் கணக்கு. வந்த விடை மார்ஜினில் உள்ளதை ஒட்டி இல்லையென்றால் எடை போடக்கூடாது, நிற்க வேண்டும். முதல் மாதம் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும். "தோராயமாச் சொன்னா மார்க் உண்டுங்களா?" என்று கேட்பார்கள். உண்டு. மார்ஜினுக்குத் தனி மதிப்பெண் கொடுக்கிறேன்.

இதில் யாருக்கு முதலில் கை வந்தது என்று கவனித்திருக்கிறேன். விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு. இத்தனை மீட்டர் ஓடினால் இவ்வளவு கூலி, வாரக் கடைசியில் முன்பணம் கழித்து மீதி எவ்வளவு என்று சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பது. ஒரு மாணவி, ரெமடியல் கணக்கில் பாஸ் மார்க்கைத் தொடாதவள், வீட்டில் அம்மா நடத்தும் ஏலச்சீட்டுக்கு அவள்தான் கணக்குப்பிள்ளை. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், ஒருவர் 18,000 தள்ளி எடுக்கிறார். கமிஷன் 5,000 போக மீதி 13,000. ஆளுக்கு 650 கழிவு, ஆகவே இந்த மாதம் கட்ட வேண்டியது 4,350. இதை அவள் எழுதிப் பார்க்காமல் சொன்னாள். "இது கணக்கு இல்லையா?" என்று கேட்டேன். "இது சீட்டுங்க மேம்" என்றாள். வீட்டில் செய்வதைக் கணக்கு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

அவளுக்கு நான் கொடுத்தது டிரிச்சுரேஷன். அட்ரோபின் சல்ஃபேட் 0.5 மில்லிகிராம் வீதம் பத்துப் பொட்டலம். மொத்தம் தேவை 5 மில்லிகிராம். நம் டிஸ்பென்சிங் தராசில் 100 மில்லிகிராமுக்குக் கீழே எடை போட்டால் நம்ப முடியாது. அப்படியானால் 5 மில்லிகிராமை எடுப்பது எப்படி? 100 மில்லிகிராம் அட்ரோபினை எடுத்து, 900 மில்லிகிராம் லாக்டோஸோடு கல்வத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு 100 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராம் மருந்து. நமக்கு வேண்டிய 5 மில்லிகிராம் இதில் 50 மில்லிகிராமுக்குள் இருக்கிறது. அதையும் தராசில் எடுக்க முடியாது. ஆகவே இதிலிருந்து 100 எடுத்து, இன்னொரு 900 லாக்டோஸ். இப்போது நூறு மடங்கு நீர்த்தாயிற்று. இந்த இரண்டாவது பொடியில் 500 மில்லிகிராம் எடுத்தால் அதற்குள் 5 மில்லிகிராம் அட்ரோபின். இன்னும் 500 லாக்டோஸ் சேர்த்து ஆயிரமாக்கிப் பத்தாகப் பிரித்தால் பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் பொடி, உள்ளே 0.5 மில்லிகிராம் மருந்து.

வகுப்பில் போர்டில் போட்டபோது அவளுக்குப் புரியவில்லை. கல்வத்தை முன்னால் வைத்து, பொடியை இரண்டாகப் பிரித்து ஒதுக்கியதும் புரிந்துவிட்டது. மூன்றாவது தடவை அவள் தன் பெஞ்சில் இருந்த மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். டிரிச்சுரேஷன் இன்று கடைகளில் யாரும் செய்வதில்லை, எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் முதலாண்டில் கடைசியாக எடுக்க வேண்டிய பயிற்சி அது. நீர்த்தல் என்பதைக் கையால் உணர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறந்த குழந்தைகள் பிரிவில் மருந்தைக் கலக்கும் நர்ஸும் ஃபார்மசிஸ்ட்டும் இன்றும் அதையேதான் பொடிக்குப் பதில் திரவத்தில் செய்கிறார்கள்.

பழைய அளவுகளையும் எடுத்துவிடச் சொல்வார்கள். கிரெய்ன், மினிம், டிராம். இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் வந்தது 1956ல். இப்போது போய் எதற்கு கிரெய்ன்? ஒரு சின்ன காரணம் சொல்கிறேன். டோலோ 650ஐத் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. 600 இல்லாமல், 700 இல்லாமல், அதென்ன 650? ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். 650 என்பது பத்து கிரெய்ன். 325 மில்லிகிராம் மாத்திரை ஐந்து கிரெய்ன். ஃபினோபார்பிட்டோனின் 30, 60 எல்லாம் அரை கிரெய்னும் ஒரு கிரெய்னும்தான். இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அட்டையில் அச்சிட்ட எண்ணுக்கு ஒரு பிறப்பு உண்டு என்று தெரிந்தால், அடுத்த எண்ணையும் ஏன் என்று பார்க்கத் தோன்றும். புரூஃப் ஸ்பிரிட் கணக்குக்காக நான் இவ்வளவு வாதாட மாட்டேன். அது போனால் போகட்டும்.

இனி கவுன்ட்டர். குழந்தை மருந்துதான் அங்கே பெரிய பரீட்சை. பாராசிட்டமால் ட்ராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125, அதாவது ஒரு மில்லிக்கு 25. இன்னொரு சிரப் ஐந்து மில்லிக்கு 250. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே நிறத்து அட்டை. எட்டுக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 120 மில்லிகிராம் வேண்டும். ட்ராப்ஸாக இருந்தால் 1.2 மில்லி. 125 சிரப்பில் 4.8 மில்லி. 250 சிரப்பில் 2.4 மில்லி. டாக்டர் சிரப்பை நினைத்து 5 மில்லி என்று எழுதி, கடையில் ட்ராப்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டால் குழந்தைக்குள் போவது 500 மில்லிகிராம், ஒரு பெரியவர் சாப்பிடும் முழு மாத்திரை. மாறிப்போனால் எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். ட்ராப்ஸின் 1.2 மில்லி அளவிலேயே சிரப்பைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் இறங்கவில்லையே என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ட்ராப்ஸ் என்றால் லேசான மருந்து, சிரப் என்றால் வீரியமான மருந்து என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பாட்டில் சின்னது, குழந்தை சின்னது, மருந்தும் சின்னதாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு. இந்த நினைப்போடுதான் எங்கள் மாணவர்களும் வருகிறார்கள்.

இன்சுலின் இதைவிட மோசம். இந்தியாவில் பாட்டிலில் வரும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது. கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, 50 யூனிட். ஊசி போட்டுக்கொண்டவர் தூக்கத்திலேயே மயங்கிவிடலாம். வெறும் 2.5 மடங்கு. மாணவர்களிடம் இரண்டு சிரிஞ்சையும் தண்ணீரையும் கொடுத்து இழுக்கச் சொல்வேன். இரண்டிலும் 20 கோடு. இரண்டையும் அளவு ஜாடியில் விட்டுப் பார்க்கச் சொல்வேன். யூனிட் என்பது கோட்டில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். இதற்குப் பிறகு இன்சுலின் வாங்க வருபவரிடம் "எந்த சிரிஞ்ச் வெச்சிருக்கீங்க?" என்று கேட்காமல் அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆன்டிபயாட்டிக் டிரை சிரப்பில் இன்னொரு எளிய கணக்கு உண்டு. ஐந்து மில்லி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள் என்றால் 75 மில்லி. பாட்டில் 60 மில்லி. ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினால் நான்காம் நாளோடு மருந்து தீரும். காய்ச்சல் விட்டிருக்கும், வீட்டில் அதோடு நிறுத்திவிடுவார்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்கு. போட வேண்டும் என்று தோன்றுவதுதான் குறைவு.

கணக்கை வெறுத்து வந்த மாணவர்கள் மனம் மாறும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. அது மருத்துவமனைப் பயிற்சி. வார்டில் ஒரு பாட்டி. 75 வயது, 45 கிலோ. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.1. லேப் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சிட்டிருக்கிறது. ஆகவே சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு நகர்வார்கள். நிறுத்தி, 1976ல் காக்ராஃப்டும் கால்ட்டும் வெளியிட்ட சூத்திரத்தைப் போடச் சொல்வேன். 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கு, 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகு, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கு. 65 பெருக்கல் 45, 2,925. கீழே 79.2. கிட்டத்தட்ட 37. 0.85ஆல் பெருக்கினால் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 31 மில்லி. நல்ல சிறுநீரகமுள்ள இளைஞருக்கு இது நூறுக்கும் மேல் இருக்கும். ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி கூட இல்லாத அந்தப் பாட்டிக்குச் சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வேலை செய்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, அவர் உடம்பில் தசை குறைவு, அதனால் எண் உயரவில்லை. அவருக்கு எழுதியிருந்த மருந்துகளில் சிலவற்றின் அளவைக் குறைக்க வேண்டும் என்பது அந்த 31இல் இருந்துதான் தெரிகிறது. வேறு எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை, ஒரு காகிதத்தின் பின்பக்கம் போதும்.

அந்த இடத்தில் நான் மாணவர்களின் முகத்தைப் பார்ப்பேன். கணக்குப் போட்டு முடித்ததும் எல்லோரும் திரும்பிக் கட்டிலைப் பார்ப்பார்கள். அன்று மதியமே வார்டில் உள்ள எல்லாச் சீட்டுக்கும் கிளியரன்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் எதற்கு என்று முதலாண்டில் கேட்டவர்கள், மருந்தின் அரை ஆயுளுக்கு ஏன் 0.693 என்று தாங்களாகவே வந்து கேட்டிருக்கிறார்கள். இரண்டின் லாக் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஏனென்றால் அந்த லாக்கை அவர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். உயர்ந்த கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்குப் பின்னால் அது வந்தால் போதும் என்கிறேன்.

பிழை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல, 1998இல் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை மூன்றாமாண்டில் விளக்குவேன். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு வயிற்று வலிக்குப் பெப்பர்மின்ட் வாட்டர். அதில் சேர்க்க வேண்டியது இரட்டை வலுவுள்ள குளோரோஃபார்ம் வாட்டர், 0.5 சதவீதம். சேர்த்தது அடர் குளோரோஃபார்ம் வாட்டர், 10 சதவீதம். இருபது மடங்கு. குழந்தை இறந்துவிட்டது. கலந்தவர் பயிற்சியில் இருந்தவர், மேலே ஒரு ஃபார்மசிஸ்ட் இருந்தார். என் மாணவர்களில் யாருக்கும் 10ஐ 0.5ஆல் வகுக்கத் தெரியாமல் இல்லை. அந்தக் கடையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கும். அந்த வகுத்தலைப் போட வேண்டும் என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் லேபில் இரண்டாவது ஒரு வழக்கமும் உண்டு. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் ஆளின் விடையைப் பார்த்துவிட்டு "சரி" என்று போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அது செல்லாது. சீட்டை மட்டும் கொடுப்போம், இரண்டாவது ஆள் தன் போக்கில் போட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் இதில் மனத்தாங்கல் வரும். "என்னைய நம்பலையா?" என்று தோழிகளுக்குள் பேச்சு நின்றுபோனதும் உண்டு. பெரியவர் ஒருவரின் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் இன்னும் தயக்கம். ஒரு டாக்டருக்கு போன் போட்டு, "சார், இந்த டோஸ் அதிகமா இருக்கே" என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. கணக்கைப் பற்றிய மனநிலை என்று பேசினால் நான் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். பள்ளியில் கணக்கு என்பது தனியாக, மறைத்து, சீக்கிரமாகப் போட்டுக் கையைத் தூக்குவது. பக்கத்தில் எட்டிப் பார்த்தால் காப்பி. எங்கள் வேலையில் எட்டிப் பார்ப்பது கடமை. நாலு பேர் காதில் விழச் சந்தேகப்படுவது கடமை. இதற்குப் பயிற்சி கொடுக்காமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதிதான் கொடுத்ததாக அர்த்தம். அதனால் பிராக்டிக்கல் பரீட்சையில், தெரிந்தே தவறாக எழுதிய ஒரு சீட்டையும் மற்றவற்றோடு வைத்துவிடுவேன். அதைச் செய்யாமல் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, "மேம், இது சரியில்லைங்க" என்று சொல்பவருக்கு முழு மதிப்பெண்.

ஏலச்சீட்டுக் கணக்குப் போட்ட அந்த மாணவி இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு மருந்து கொடுக்கும் ஃபார்மசியில் இருக்கிறாள். சில மாதம் முன்பு போனில் ஒரு சங்கதி சொன்னாள். குறைமாதக் குழந்தை, 1.2 கிலோ. மூச்சு விட்டுவிட்டு வருவதற்குக் காஃபீன் எழுதியிருந்தார்கள், 12 மில்லிகிராம். ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் காஃபீன் சிட்ரேட். காஃபீனாக மட்டும் பார்த்தால் அது 10. சீட்டில் சிட்ரேட் என்றும் இல்லை, பேஸ் என்றும் இல்லை. சிட்ரேட் என்று எடுத்தால் 0.6 மில்லி, காஃபீன் என்று எடுத்தால் 1.2 மில்லி. முதல் டோஸ் வழக்கமாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சிட்ரேட், ஆகவே 24 வர வேண்டுமே என்று அவளுக்கு மார்ஜினில் ஓடியிருக்கிறது. இருந்தாலும் தானாக முடிவெடுக்காமல் டியூட்டி டாக்டருக்கு போன் போட்டிருக்கிறாள். ராத்திரி, அவர் வேலையாக இருந்தார், "அதான் எழுதியிருக்கேனே" என்றாராம். இவள் விடவில்லை. "சார், சிட்ரேட்டா பேஸான்னு மட்டும் சொல்லுங்க, ரெண்டுக்கும் ரெண்டு மடங்கு வித்தியாசம் வருது" என்று கேட்டிருக்கிறாள். அவர் இறங்கி வந்து, சீட்டை வாங்கி அடித்துவிட்டு, காஃபீன் சிட்ரேட் 24 மில்லிகிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு 1.2 மில்லியை அவள் இழுத்தாள், பக்கத்தில் இருந்த சீனியர் தனியாகப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டார். அந்தப் பிரிவின் மருந்துப் படிவத்தில் இப்போது காஃபீன் சிட்ரேட் என்று முழுப் பெயரும் அச்சாகியிருக்கிறதாம்.